போடும்போது ஒரு நொடி, எடுக்கும்போது நாலு நாள்

களக்காட்டில் ஏத்தன் வாழை போட்டிருக்கும் எங்கள் மாமா, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். எடுத்ததுமே சத்தம்தான்.

"ஏய் மருமவனே, இந்த மியூச்சுவல் ஃபண்டுல பணத்தப் போடும்போது கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிட்டு. இப்போ எடுக்கலாம்னு பாத்தா செவ்வாக்கிழமன்னு காட்டுது. எம் பணத்த நான் எடுக்கதுக்கு எவங்கிட்ட நாளு குறிக்கணும்ங்கேன்?"

காற்று காலம் வரப்போகிறது. வாழைக்கு முட்டுக் கொடுக்கக் கம்பு வாங்க வேண்டும். 20,000 ரூபாய் அவசரம். மகன் சொன்னானே என்று ஆப்பில் போட்டு வைத்திருந்த பணம் அது. மியூச்சுவல் ஃபண்ட் என்றால் பல பேர் பணத்தைச் சேர்த்துப் பங்குகள் போன்றவற்றில் போடும் திட்டம்.

பாளையங்கோட்டையில் நான் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பான் கார்டு, பட்டா, பி.எஃப். என்று வருகிறவர்கள் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். போட்டது உடனே ஏறுகிறது, எடுப்பதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள்? கம்பெனிக்காரன் நம் பணத்தை வைத்து வட்டி பார்க்கிறானோ என்ற சந்தேகமும் கூடவே வரும். சில இடங்களில் அந்தச் சந்தேகம் சரிதான். ஆனால் பெரும்பாலான தாமதத்துக்குக் காரணம் வேறு. அது இன்டர்நெட் வருவதற்கு முன்பே இருந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவோடு பேங்குக்குப் போவேன். பணம் கட்ட வேண்டுமானால் சலானை நிரப்பி நீட்டினால் போதும். காசாளர் எண்ணுவார், முத்திரை குத்துவார், அடிக்கட்டையைக் கிழித்துக் கையில் கொடுப்பார். ஐந்து நிமிடம். எடுப்பது அப்படியல்ல. படிவத்தையும் பாஸ்புக்கையும் கொடுத்தால், ஒரு கிளார்க் பெரிய லெட்ஜரைப் புரட்டி இருப்பைப் பார்த்துவிட்டு எண் போட்ட பித்தளை டோக்கன் ஒன்றைத் தருவார். படிவம் உள்ளே அதிகாரியின் மேசைக்குப் போகும். அவர் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து அப்பாவின் கையெழுத்தோடு ஒப்பிடுவார். ஒரு தடவை சுழி சரியில்லை என்று மறுபடி போடச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கோபம். பிறகு காசாளர் எண்ணைக் கூப்பிடும் வரை நான் அந்த டோக்கனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

பத்தாவது படிக்கும்போது அப்பாவின் கணக்கில் நானே தனியாகப் போய்ப் பணம் கட்டியிருக்கிறேன். நீ யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் அதே கணக்கிலிருந்து பத்து ரூபாய் எடுத்துவர என்னால் முடியாது.

ஏன் என்று யோசித்தால் பாதி விளங்கிவிடும். பணத்தை வாங்கிக்கொள்ளும்போது பேங்குக்கு நஷ்டம் வர வழி குறைவு. யார் கொண்டுவந்தாலும் நோட்டு நல்ல நோட்டா என்று பார்த்தால் போதும். கொடுக்கும்போது ஆள் மாறிப் போனால் பேங்க் தன் கைக்காசைப் போட்டு உண்மையான ஆளுக்குத் தர வேண்டும். அதனால்தான் வாங்குகிற கவுன்டரில் ஓர் ஆளும், கொடுக்கிற கவுன்டருக்குப் பின்னால் மூன்று ஆட்களும் இருந்தார்கள். இன்றைக்கு அந்த மூன்று ஆட்களும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டார்கள். வேலையை விட்டு நிற்கவில்லை.

சரி, போடும்போது போனில் என்ன நடக்கிறது? யு.பி.ஐ.யில் பின் நம்பரைத் தட்டியதும், உங்கள் பேங்க்தான் உங்களைச் சோதிக்கிறது. இந்த சிம், இந்த போன், இந்த பின் மூன்றும் ஒரே ஆளுடையவையா, கணக்கில் இருப்பு உண்டா என்று இரண்டு நொடியில் பார்த்துவிடும். கணக்கு ஆரம்பித்த நாளிலேயே ஆதார், பான், போட்டோ எல்லாம் வாங்கி வைத்திருப்பதால்தான் இரண்டு நொடி போதுமானதாக இருக்கிறது. பணம் வாங்கும் ஆப்புக்கு இதில் வேலையே இல்லை. சோதனையை உங்கள் பேங்க் செய்துவிடுகிறது, ஆப் பச்சை டிக்கைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பச்சை டிக்கில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. அந்த நொடியில் ஒரு பேங்கிலிருந்து இன்னொரு பேங்குக்கு உண்மையில் ஒரு ரூபாயும் நகர்வதில்லை. போவது தகவல் மட்டும். 2016-இல் வந்த இந்த யு.பி.ஐ.யை நடத்துவது என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். இந்த பேங்க் அந்த பேங்குக்கு எவ்வளவு, அது இதற்கு எவ்வளவு என்று கூட்டிக் கழித்து, மிச்சத்தை ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகள் வழியாக ஒரு நாளில் பல தவணைகளாக நேர் செய்கிறார்கள். அதுவரை காத்திராமல், வாங்குகிற பேங்க் தகவலை நம்பி வரவு எழுதிவிடுகிறது.

மாமாவுக்கு இதைச் சொன்னபோது புரியவில்லை. அப்புறம் அவர் தொழிலிலிருந்தே கேட்டேன்.

"மாமா, மண்டில தாரை இறக்குன உடனே என்ன தாராங்க?"

"எடை போட்டு சிட்டை தருவாம்லா."

"பணம்?"

"அது கமிஷனெல்லாம் கழிச்சு வாரக் கடைசில... ஓஹோ, இது சிட்டையா?"

சிட்டைதான். போனில் தெரியும் எண்கள் பலவும் சிட்டைகளே. மண்டிக்காரர் சிட்டையை உடனே எழுதித் தர முடியும், அதில் அவருக்குச் செலவில்லை. பணமாகத் தர வேண்டும் என்றால் கேரளத்து வியாபாரியிடமிருந்து அவருக்கு வந்திருக்க வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும், இன்னார் தோட்டத்துத் தார்தான் என்று தெரிய வேண்டும்.

பங்கு வர்த்தக ஆப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு யு.பி.ஐ.யில் பணம் போட்டால் பத்தேகாலுக்குப் பங்கு வாங்கிவிடலாம். அந்தத் தைரியம் அவர்களுக்கு எப்படி வருகிறது? போட்ட பணம் அவர்கள் கூரைக்குள்ளேயேதான் இருக்கிறது. வாங்கிய பங்கும் அங்கேயே இருக்கும். ஏதாவது தப்பு என்றால் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எடுக்கும்போது பணம் அந்தக் கூரையை விட்டு வெளியே போகிறது. யு.பி.ஐ.யோ, பேங்குக்குப் பேங்க் பணம் அனுப்பும் வேறு வழிகளான ஐ.எம்.பி.எஸ்.ஸோ நெஃப்ட்டோ, எதில் அனுப்பினாலும் சேர்ந்த பணத்தை அனுப்பியவர் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்ள முடியாது. அதனால் வாசலில்தான் எல்லாச் சோதனையும்.

மாமாவின் கதையில் இன்னொரு வேடிக்கை. போட்டது கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது என்றாரே, போனது அவர் பேங்க் கணக்கிலிருந்து. போய்ச் சேர்ந்தது எப்போது என்று அவர் பார்க்கவில்லை. 2021 பிப்ரவரியிலிருந்து, பணம் ஃபண்டின் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகே அந்த நாளின் விலையில் யூனிட், அதாவது ஃபண்டில் நம் பணத்துக்கான கூறு, தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதி. மெசேஜ்களைத் தேடிப் பார்த்தால், யூனிட் ஒதுக்கிய தகவல் மறுநாள் ராத்திரிதான் அவருக்கு வந்திருக்கிறது. போடுவதற்கும் ஒரு நாள் ஆகியிருக்கிறது. அவசரம் இல்லாததால் அது கண்ணில் படவில்லை.

எடுக்கும்போது முதல் கேள்வி, இந்தப் பணம் உண்மையிலேயே இங்கே இருக்கிறதா என்பது. மியூச்சுவல் ஃபண்டில் உங்கள் 20,000 ரூபாய் பெட்டியில் நோட்டாக இல்லை, பங்குகளாக இருக்கிறது. அன்றைய சந்தை முடிந்தபின் யூனிட்டின் விலையைக் கணக்கிட வேண்டும், ஃபண்டுக்குப் பணம் வர வேண்டும், அது பேங்குக்குப் போக வேண்டும். பங்குச் சந்தையில் விற்றதற்கு மறு வேலை நாளில்தான் பணம் கைமாறும். முன்பு இரண்டு வேலை நாள் பிடித்தது. 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் ஒரே நாள் என்று ஆக்கிவிட்டார்கள். அதை ஒட்டிப் பங்கு ஃபண்டுகளும் இரண்டாவது வேலை நாளில் பணம் தருகின்றன. செபி விதித்திருக்கும் உச்சவரம்பு மூன்று வேலை நாள்.

இந்த "வேலை நாள்" என்ற வார்த்தையில்தான் பாதிப் பேர் இடறுகிறார்கள். மாமா வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் பட்டனை அமுக்கியிருக்கிறார். மூன்று மணிக்குப் பிறகு வந்தது அடுத்த வேலை நாளுக்கான விண்ணப்பம். ஆக, கணக்கு வெள்ளிக்கிழமைதான் ஆரம்பிக்கிறது. சனியும் ஞாயிறும் சந்தை இல்லை. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. மதியம் சாப்பிட்ட கையோடு அமுக்கியிருந்தால் திங்கட்கிழமையே வந்திருக்கும். ஒன்றரை மணி நேரம் ஒரு நாளைத் தின்றுவிட்டது. இதைச் சொன்னதும், "அதை எவன் சொன்னான் எங்கிட்ட?" என்றார். நியாயமான கேள்வி. ஆப்பில் எழுதித்தான் இருக்கிறது, எறும்பு சைஸ் எழுத்தில்.

நெல்லையப்பர் கோவில் ஆனித் தேருக்கு நமக்கு உள்ளூர் விடுமுறை. மும்பைச் சந்தைக்குத் தேரும் தெரியாது, வடமும் தெரியாது, அது பாட்டுக்கு நடக்கும். ஏப்ரல் 1 போன்ற நாட்களில் சந்தை நடந்தாலும், பேங்குகள் ஆண்டுக் கணக்கு முடிப்பதால் பணம் கைமாறாது. எனவே நாள் எண்ணும்போது நம் வீட்டுக் காலண்டரை நம்பக் கூடாது.

ஆனால் ஒன்று. "ஞாயிற்றுக்கிழமை பேங்க் லீவு, அதான் அனுப்ப முடியல" என்று யாராவது சொன்னால், அது பழைய சாக்கு. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகிறது, அரைமணிக்கு ஒரு தடவை பட்டுவாடா. அடுத்த ஆண்டு டிசம்பரில், பெரிய தொகைகளை அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸும் அப்படி ஆகிவிட்டது. ஐ.எம்.பி.எஸ். ஆரம்பித்ததிலிருந்தே அப்படித்தான். பணம் போகும் சாலைக்கு லீவு கிடையாது. பணத்தை அனுப்ப உத்தரவு கொடுக்கும் ஆட்களுக்குத்தான் லீவு.

இரண்டாவது கேள்வி, கேட்பது உண்மையான ஆள்தானா என்பது. என் சென்டரில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான். முக்கூடலிலிருந்து பீடி சுற்றும் அக்கா ஒருவர் பி.எஃப். பணம் எடுக்க வந்தார். பதினான்கு வருடமாக மாதாமாதம் அவர் பெயரில் பணம் ஏறியிருக்கிறது. ஒரு மாதமாவது உன் பெயர் சரியா என்று யாரும் கேட்டதில்லை. எடுக்கப் போனதும் தகராறு. ஆதாரில் இசக்கியம்மாள். பி.எஃப். பதிவேட்டில் எம். இசக்கி. பேங்க் பாஸ்புக்கில் இசக்கி அம்மாள் எம். பிறந்த வருடமும் ஒன்றில் தள்ளி இருந்தது.

"எல்லாம் நாந்தானே தம்பி" என்றார். அவருக்கும் எனக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

தமிழ்ப் பெயர்களுக்கு இது தலைவிதி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். பான் கார்டு இன்ஷியலை ஏற்காது, அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதச் சொல்லும். அதனால் பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகனாக இருந்தவர் பான் கார்டில் முருகன் சுடலை ஆகி, வேறொரு இடத்தில் சுடலை முருகன் ஆகிவிடுகிறார். பணம் போடும்போது இவர்கள் மூவரும் சமாதானமாக இருக்கிறார்கள். எடுக்கும்போதுதான் ஒருவரை ஒருவர் தெரியாது என்கிறார்கள். அந்த அக்காவுக்குப் பழைய கம்பெனியின் கையெழுத்தோடு கூட்டு உறுதிமொழி கொடுத்துப் பெயரைத் திருத்திய பிறகே விண்ணப்பம் நகர்ந்தது. பி.எஃப். அலுவலகம் தனக்கு வைத்துக்கொண்ட கெடு 20 நாள். திருத்தத்துக்கு ஓடிய நாட்கள் அந்தக் கணக்கில் வராது. ஆகவே எடுக்கும் அவசரம் வருவதற்கு முன்பே, சும்மா இருக்கிற ஒரு நாளில் ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். எழுத்தெழுத்தாக.

ஆப்புகளில் முதல் தடவை பேங்க் கணக்கைச் சேர்க்கும்போது திடீரென்று ஒரு ரூபாய் உங்கள் கணக்கில் ஏறும். சும்மா கொடுத்ததல்ல. அந்த ஒரு ரூபாய் போய்ச் சேரும்போது கணக்கின் சொந்தக்காரர் பெயர் திரும்பி வரும், அதை உங்கள் பான் கார்டு பெயரோடு ஒப்பிடுவார்கள். அப்பாவின் கையெழுத்து அட்டையைப் பார்த்த அதிகாரியின் வேலை இப்போது இந்த ஒரு ரூபாய்க்கு வந்திருக்கிறது.

மூன்றாவது கேள்வி எரிச்சலூட்டுவது. உங்கள் பணத்தை ஏன் உங்கள் மனைவியின் கணக்குக்கோ தம்பியின் கணக்குக்கோ அனுப்ப மறுக்கிறார்கள்? வந்த வழியிலேயே, பதிவான கணக்குக்கே திருப்புவோம் என்கிறார்கள். காரணம் கறுப்பை வெள்ளையாக்கும் வேலை. ஒருவன் திருடிய பணத்தை ஓர் ஆப்பில் போட்டு, பத்து நிமிடத்தில் வேறொரு கணக்குக்கு எடுத்துவிட்டால், அது திருட்டுப் பணம் என்ற அடையாளமே போய்விடும். பங்கு ஆப்பிலிருந்து வந்த பணம் என்று காட்டிவிடுவான். இதைத் தடுக்க 2002-இல் வந்த பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் யார் என்று தெரிந்து வைத்திருப்பதும், சந்தேகமானதைத் தெரிவிப்பதும் நிறுவனங்களின் கடமை. பெரிய தொகை, புதிய கணக்கு, போட்ட உடனே எடுப்பது, நேற்று மாற்றிய போன் நம்பர் போன்றவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்கும்படி மெஷின் ஒதுக்கி வைக்கலாம். ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்பது பேங்குகளின் பழைய பழக்கம். இரண்டாவது ஆள் டீ குடிக்கப் போயிருந்தால் உங்கள் பணமும் காத்திருக்கும்.

இந்தச் சமயத்தில் ஒரு புத்திமதி, கேட்காமலே. கல்லூரிப் பையன்கள் சிலர் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குத் தங்கள் பேங்க் கணக்கை "வாடகைக்கு" கொடுக்கிறார்கள். அதில் ஓடுவது மேலே சொன்ன பணம்தான். போலீஸ் கடைசியில் வந்து நிற்பது கணக்கின் சொந்தக்காரன் வீட்டு வாசலில்.

தாமதத்தால் லாபமும் உண்டு. யாராவது உங்களை ஏமாற்றிப் பணத்தை அனுப்ப வைத்துவிட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் எந்தக் கணக்குக்குப் போயிருக்கிறதோ அங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். அங்கிருந்தும் எடுத்துப் போயிருந்தால் துரத்திக்கொண்டே ஓட வேண்டும். எடுப்பது மெதுவாக இருக்கும் இடத்தில்தான் பிடிக்க முடியும். நாம் திட்டும் அந்த இரண்டு நாளில்தான் வேறு யாருடைய பணமோ தப்பிக்கிறது.

வாலட்டில் போட்டது பேங்குக்குத் திரும்ப மாட்டேன் என்கிறதே என்று சிலர் வருவார்கள். முழு கே.ஒய்.சி., அதாவது அடையாளச் சரிபார்ப்பு, முடிக்காத வாலட்டில் உள்ள பணத்தைக் கடையில் செலவழிக்கத்தான் முடியும், பேங்குக்கு மாற்ற முடியாது. ரிசர்வ் வங்கி விதி அப்படி. இன்னொரு ரகம், பணம் கழிந்துவிட்டது ஆனால் அந்தப் பக்கம் சேரவில்லை என்பது. இதற்கு 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கெடு வைத்திருக்கிறது. யு.பி.ஐ.யில் ஓர் ஆளுக்கு அனுப்பியது சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், கடைக்குக் கட்டியது சேராவிட்டால் ஐந்து நாளுக்குள்ளும் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இது பல பேருக்குத் தெரியாது. கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு வக்காலத்து வாங்கிவிட்டேன் என்பதற்காக எல்லாரும் யோக்கியர்கள் என்று ஆகிவிடாது. பணம் போடும் பட்டன் முதல் பக்கத்தில் பச்சையாக, பெரிதாக இருக்கும். எடுக்கும் பட்டனைத் தேட நாலு கதவைத் திறக்க வேண்டும். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பணம் வைத்து ஆடும் ரம்மி ஆப்புகள் இந்த வித்தையில் கைதேர்ந்தவையாக இருந்தன. எடுக்கவிடாமல் இரண்டு நாள் இழுத்தால், அந்த இரண்டு நாளில் ஆடியே தோற்றுவிடுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த வகை ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது.

திருடர்களின் முறை வேறு. போன வருடம் ஒரு தம்பி போனை நீட்டினார். டெலிகிராம் குழுவில் யாரோ சொல்லி ஏதோ டிரேடிங் ஆப் போட்டிருக்கிறார். முதலில் 5,000 போட்டு 2,000 எடுத்துப் பார்த்திருக்கிறார். பத்து நிமிடத்தில் வந்துவிட்டதாம். ஒழுங்கான கம்பெனியில் கூடக் கிடைக்காத வேகம்! அந்த நம்பிக்கையில் நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் போட்டிருக்கிறார். திரையில் அது நாலு லட்சம் ஆகியிருந்தது. எடுக்கப் போனால், முதலில் 18 சதவீதம் வரி கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும் என்று செய்தி. கட்டலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

கட்டக் கூடாது. எந்த வரியானாலும், கட்டணமானாலும், ஒழுங்கான இடத்தில் உங்களுக்குத் தர வேண்டிய பணத்திலிருந்தே கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். மண்டியில் கமிஷனைக் கழித்துக்கொண்டு தருவார்களே தவிர, கமிஷனை முன்னால் கொண்டுவா, தார் விலையைப் பிறகு தருகிறேன் என்று எந்த மண்டிக்காரரும் சொன்னதில்லை. எடுப்பதற்காக மேலும் போடச் சொன்னால் அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அதேபோல, பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது. அந்தத் தம்பியை உட்காரவைத்து 1930-க்குப் போட்டோம். போட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. அந்தக் கணக்கில் மிச்சம் இருந்ததை மட்டுமே நிறுத்த முடிந்தது.

மாமா செவ்வாய்க்கிழமை மதியம் மறுபடி கூப்பிட்டார். பணம் வந்துவிட்டது. கம்புக்காரரும் வண்டியோடு வாசலில் நிற்கிறாராம்.

"வந்திட்டு மருமவனே. ஆனா இருநூறு ரூவா கொறையுதே?"

"போட்டு எத்தன மாசம் ஆச்சு மாமா?"

"எட்டு மாசம் இருக்கும்."

"இந்த ஃபண்டுல ஒரு வருசத்துக்குள்ள எடுத்தா ஒரு சதவீதம் கழிப்பாங்க. எக்ஸிட் லோடுன்னு பேரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் கம்புகளை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மண்டிக்காரன் பரவால்ல போலுக்கே," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.